நமக்கு வேண்டிய வாழ்வும் நம்மால் ஆவதும்



நல்ல வாழ்வு என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் உடனே பதில் சொல்லிவிடுவோம். சொந்த வீடு, வாசலில் ஒரு கார், மகன் டாக்டர், மகள் வக்கீல். பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகளும் இதையேதான் எழுதுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் பொழுது எப்படிப் போகவேண்டும், யார் யாரோடு பேசவேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் என்னவாக இருக்கவேண்டும் என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பெற்றோரைக் கேட்டாலும் அப்படித்தான். என்ன ஆகவேண்டும் என்று யோசிக்கப் பழகிய அளவுக்கு எப்படி வாழவேண்டும் என்று யோசிக்க நாம் பழகவில்லை.

ஆனால் நம் முன்னோர்கள் யோசித்திருக்கிறார்கள். அதுவும் இதே கிள்ளான் வட்டாரத்தில், கூலிக்காரர்கள் என்று பிறர் அலட்சியமாகப் பேசிய பால்மரத் தொழிலாளர்கள் யோசித்திருக்கிறார்கள். அந்தச் செய்தி நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

ஆண்டு 1941. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த காலம். ரப்பருக்கு உலகச் சந்தையில் நல்ல கிராக்கி. ஆனால் மரம் வெட்டிய நம்மவருக்குக் கிடைத்தது நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 காசு. பக்கத்தில் அதே வேலை செய்த சீனத் தொழிலாளர் அதைவிடக் கூடுதலாக வாங்கினார். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்ற அமைப்பு ஆர்.எச். நாதன் போன்றவர்களின் முயற்சியால் தோட்டம் தோட்டமாகப் பரவியது. அந்த ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். தங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலும் வைத்தார்கள்.

அந்தப் பட்டியலைத்தான் இன்று உங்கள் முன் விரித்து வைக்க விரும்புகிறோம்.

சீனருக்குச் சமமான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். அது எல்லாரும் எதிர்பார்க்கக்கூடியது. அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும். நோய் வந்தால் முறையான மருத்துவம் வேண்டும். நம் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தவேண்டும். அடித்து வேலை வாங்கும் மேலாட்களை மாற்றவேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகவேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடவேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச்செல்ல அனுமதி வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று நினைத்துப் பாருங்கள். தன் பணத்தில் வாங்கிய சைக்கிள். ஆனால் துரையைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கோரிக்கையால் ஒரு காசு வரும்படி கூடப்போவதில்லை. வயிறு நிறையப்போவதுமில்லை. ஆனாலும் அதையும் சேர்த்து எழுதினார்கள். மனிதனாக நடமாடுவதும் வாழ்வில் சேர்ந்ததுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஒரு கூட்டம் தன் வாழ்வு எப்படி இருக்கவேண்டும் என்பதை இத்தனை துல்லியமாகச் சொல்லியிருப்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களையே வெட்கப்படவைக்கிறது. பெரிய வீடு என்றோ பெரும் செல்வம் என்றோ அந்தப் பட்டியலில் ஒரு சொல் இல்லை.

அந்தப் போராட்டம் நல்லபடியாக முடியவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படைகளைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். கூலி மட்டும் சில காசுகள் உயர்ந்தது.

இப்போது அந்தப் பட்டியலை வேறொரு கண்ணோடு பார்ப்போம். கூலியை முதலாளிதான் கொடுக்கவேண்டும். மருத்துவத்தையும் பள்ளியையும் நிர்வாகமும் அரசாங்கமும் தரவேண்டும். ஆனால் கள்ளுக்கடை? கடையை மூடுவது நிர்வாகத்தின் கையில். குடிக்காமல் இருப்பது யார் கையில்? போருக்குப் பிறகு 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் தோட்டத்து இளைஞர்கள் திரண்டு கள்ளுக்கடைக்கு எதிராக இறங்கியபோது இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அவர்கள் மறியல் செய்தது நிர்வாகத்துக்கு எதிராக மட்டுமல்ல. தம் அண்ணன்மாரையும் மாமன்மாரையும் கடைவாசலில் தடுத்து நிறுத்தினார்கள். நாம் விரும்பும் வாழ்வில் ஒரு பகுதி பிறர் தரவேண்டியது. மற்றொரு பகுதி நாம் ஒருவருக்கொருவர் கொடுத்தால்தான் உண்டு. இதை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தால் பாதிப் பட்டியல் என்றைக்கும் நிறைவேறாது.

கொடுப்பது என்றதும், நம்மிடம் என்ன இருக்கிறது கொடுப்பதற்கு, அது பணக்காரர் செய்யும் காரியம் அல்லவா என்று சிலர் கேட்பீர்கள். வள்ளுவர் இதற்கு முன்பே வழி செய்து வைத்திருக்கிறார். இல்லாதவருக்கு இடுவதை ஈகை என்று ஓர் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரம் வைத்தார். ஊரோடு ஒத்து, ஊருக்கு உதவியாக வாழ்வது ஒப்புரவு. அதில் அவர் காட்டும் உவமைகள் ஊர்க்குளமும் பழமரமும் மருந்து மரமும். குளம் தண்ணீரைத் தானமாகக் கொடுப்பதில்லை, ஊர் நடுவே நிறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். தோட்டத்து மக்களுக்குப் பொருந்துவது இந்த ஒப்புரவுதான் என்பது எங்கள் கருத்து.

அதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் ஒரு தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பலருக்கு விற்றார்கள். துண்டாடல் என்று அந்நாளில் எல்லார் வாயிலும் அடிபட்ட சொல் அது. தோட்டம் துண்டானால் வேலை போகும், லயம் போகும், பள்ளிக்கூடமும் கோயிலும் போகும். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கிவிடுவது. 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவு சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி கட்டி உறுப்பினர் ஆகலாம் என்று தோட்டந்தோட்டமாகப் போய்க் கேட்டார்.

பத்து வெள்ளி என்பது இன்று சிறு தொகை. அன்று மரம் வெட்டுகிறவருக்கு அது சில நாள் கூலி. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை என்ற நிலையில் அந்தப் பணத்தை எடுத்து, பார்த்தறியாத ஏதோ ஒரு தோட்டத்தை வாங்கக் கொடுப்பதென்றால் எத்தனை வீடுகளில் வாக்குவாதம் நடந்திருக்கும்! ஆனாலும் கொடுத்தார்கள். 1961ஆம் ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. சிலாங்கூரில் பால் வெட்டியவர் கட்டிய பத்து வெள்ளி கெடாவில் முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் லயத்தைக் காப்பாற்றியது. அதன் பிறகும் பல தோட்டங்களை வாங்கினார்கள். துன் சம்பந்தன் 1979இல் மறைந்தார்.

எல்லாத் தோட்டங்களையும் சங்கம் காப்பாற்றிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது நடக்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. பிராங் புசார் தோட்டம் இருந்த இடத்தில்தான் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. நாங்கள் பாடம் நடத்தும் பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது, ஆனால் வாசலில் நின்று பார்த்தால் ஒரு மரம்கூடத் தெரியாது.

ஒருவர் தன் வாழ்நாள் முழுவதையும் கொடுத்த செய்தியும் நம் பக்கத்திலேயே உண்டு. பூச்சோங்கில் உள்ள சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தா 1961இல் மறைந்த பிறகு, அன்னை மங்களம் அதை ஏற்று நடத்தினார். 1926இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஆதரவற்ற பிள்ளைகளை, எந்த இனம் என்று பாராமல், தம் பிள்ளைகளாக வளர்த்து 2023இல் தம் 97ஆம் வயதில் கண்மூடினார். வணங்கத்தக்க வாழ்வு. ஆனால் இரண்டு பிள்ளைகளும் வாடகை வீடும் மாமியாரின் மருந்துச் செலவும் உள்ள ஒரு தாய், அன்னை மங்களத்தைப் பார்த்துவிட்டு, அதெல்லாம் பெரியவர்கள் காரியம் என்று ஒதுங்கிவிடக்கூடாது. குடும்பக்காரருக்குப் பொருந்துவது பத்து வெள்ளிக் கணக்கு. சிறிது, ஆனால் தவறாமல், மற்றவரோடு சேர்ந்து.

இனி, பண்டமாரானுக்கு வருவோம். அவசரகாலத்தில் அமைந்த புதுக்கிராமம், பக்கத்தில் துறைமுகம், சுற்றிலும் தொழிற்சாலைகள். தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல இந்தப் பக்கத்து அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் குடியிருக்கின்றன. தோட்டத்தில் இல்லாத தண்ணீரும் மின்சாரமும் கடைகளும் இங்கே உண்டு. ஆனால் தோட்டத்தில் இருந்த ஒன்று இங்கே காணோம். அம்மா விடியற்காலையில் பிரட்டுக்குப் போனால் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார். மாலையில் அவர் வரத் தாமதமானால் லயத்தில் அடுத்த காம்பராவிலுள்ள அத்தையோ பாட்டியோ சோறு ஊட்டிவிடுவார். அதை யாரும் சேவை என்று பெயரிட்டு அழைக்கவில்லை. இங்கே மூன்றாம் மாடியில் கதவு சாத்திக் கிடக்கிறது, இரும்புக் கிராதிக்குப் பூட்டும் போட்டிருக்கிறது. தந்தை இரவு வேலை, தாய் பகல் வேலை. பள்ளி விட்டு வந்த பிள்ளை கீழே இறங்கிப் போய் யாரோடு சேர்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பதினான்கு வயதில் அவன் யார் கூட்டத்தில் சேர்ந்தான் என்பது தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது. தோட்டம் தானாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை இங்கே நாம் நினைத்து, திட்டமிட்டுக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

2021 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது ஷா ஆலாம் ஸ்ரீ மூடா தாமானில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். படகு வைத்திருந்தவர் படகோடு வந்தார், சமைக்கத் தெரிந்தவர் சமைத்தார், லாரி வைத்திருந்தவர் லாரியை எடுத்தார். என்ன இனம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. தண்ணீர் கழுத்துக்கு வராத நாளிலும் அது தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

மலாய் படிக்கத் தெரிந்த மருமகள் மாடியில் இருக்கிறாரா? அரசாங்கக் கடிதம் வந்தால் ஏழு வீட்டுக்கு அவர் வாசித்துச் சொல்லலாம். ஊழியர் சேமநிதிக் கணக்கைப் பார்த்து, முதலாளி பணம் கட்டியிருக்கிறாரா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரு பையன் இருந்தால், அவன் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுத்தால், எத்தனையோ பேருடைய முதுமை காப்பாற்றப்படும். ஓய்வுபெற்ற தாத்தா வாய்ப்பாடு கேட்கலாம். அவருக்கும் பொழுது போகும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஒன்று இருக்கிறது. பிறப்புப் பத்திரம். தோட்டங்களில் வீட்டிலேயே பிரசவம் நடந்த காலத்தில் பதியாமல் விட்டது, திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டது, தாயிடம் அடையாளக் கார்டு இல்லாதது என்று பல காரணங்களால், இந்த நாட்டிலேயே பிறந்து இந்த நாட்டையே அறிந்த நம்மவர் சிலர் பத்திரம் இல்லாமல் வாழ்கிறார்கள். பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. வளர்ந்தபின் நிலையான வேலையோ வங்கிக் கணக்கோ கிடைப்பது அரிது. நாம் சொன்ன நல்ல வாழ்வின் பட்டியலில் ஒரு வரியைக்கூட அந்தப் பிள்ளை எழுதமுடியாது.

தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிவு இலாகாவில் பதியவேண்டும். அதற்குப் பிறகும் பதியலாம், ஆனால் அலைச்சலும் கேள்விகளும் கூடும். படிக்காத இளம் தாய் அந்த அலுவலக வாசலில் நின்று, முகப்பில் உள்ளவர் கேட்பது புரியாமல் திரும்பி வந்துவிடுகிறாள். பிறகு அவள் போவதே இல்லை. அவளோடு ஒருவர் கூடப் போனால் போதும். அரை நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும். ஏறக்குறைய அந்நாளின் பத்து வெள்ளிக் கணக்குத்தான்.

இன்று இரவு சாப்பிட்டு முடித்தபின் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நமக்கு எப்படிப்பட்ட நாள் வேண்டும், காலையிலிருந்து இரவு வரை. பிள்ளைகளையும் சொல்லவிடுங்கள், அவர்கள் சொல்வதைத் திருத்தாதீர்கள். தாளின் பின்பக்கத்தில், இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும், யாரிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எழுதுங்கள். நாளைக்கு உங்கள் மாடியிலோ லயத்திலோ அண்மையில் குழந்தை பிறந்த வீடு எது, எத்தனை நாளாயிற்று, பத்திரம் எடுத்தாயிற்றா என்று விசாரியுங்கள். எடுக்கவில்லை என்றால் பெற்றோரின் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், மருத்துவமனை கொடுத்த தாள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு காலையில் சீக்கிரமே கிளம்புவது நல்லது. கூட்டம் குறைவாக இருக்கும்.