ஊன ஓய்வூதியம் இரவலன்று, உரிமை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படைக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. அண்ணல் அம்பேத்கர் 1891-இல் பிறந்ததே மோவ் என்னும் படைமுகாம் ஊரில்தான். அவர்தம் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். வானம் பார்த்த கரிசலையும் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளையும் விட்டால் வேறு பிழைப்புக் காணாத நம் பகுதியிலிருந்தும் இளைஞர்கள் படைக்குச் சென்றனர்.

கால் இழந்து திரும்பிய வீரரை ஊர் போற்றுகிறது. மனம் நொந்து திரும்பியவரையோ ஒதுக்குகிறது. சிவகாசிப் பக்கம் வெடியோசை கேட்டு அவர் நடுங்கினால், பேய்க்கோளாறு என்று கோடாங்கியிடம் அழைத்துப் போகிறோம். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகமும் மருத்துவ வாரியத்தின் தாள்களும் டிரங்குப் பெட்டியில் உறங்குகின்றன. நோய் படைப்பணியால் விளைந்ததுமன்று, மிகுந்ததுமன்று என்று வாரியம் எழுதிய ஒரே வரியால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்படுகிறது. ஊனம் 20 விழுக்காட்டிற்குக் குறைவு என மதிப்பிட்டு மறுப்பதும் உண்டு. அந்த வரியை இறுதித் தீர்ப்பென்று எண்ணிக் குடும்பம் வாய்மூடி விடுகிறது. தோழர்களே, அது இறுதித் தீர்ப்பன்று!

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறியது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லையெனில், அவர் நலமுடன் சேர்ந்தவர் என்றே கொள்ளவேண்டும், மாறாக மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. ஆயினும் மனநோய் வழக்கு எளிதன்று. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோய் சேரும்போதே புலப்படாதிருக்கலாம் எனக் கூறி அதே நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலோ, வாரியம் காரணம் காட்டாமல் எழுதிய கருத்து செல்லாதெனக் கூறி, அதே நோயுற்றவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. ஆகவே நாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "காரணம் எங்கே?"

செய்யவேண்டியன இவை. மருத்துவ வாரியக் குறிப்பின் படியை ரெக்கார்டு ஆபீசிலிருந்து எழுத்து மூலம் பெறுக. தராவிடில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் துணை நிற்கும். பணியாற்றிய இடங்களையும் நோய் தொடங்கிய நாளையும் வரிசையாக எழுதுக. பின் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உண்டு. இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் அங்கே செல்லவேண்டும். காலம் கடந்திருப்பின் தாமதத்திற்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளமையால், பணியிலிருந்து வெளியேறிய நாளைக் கவனித்து மனு எழுதுக.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்காதீர். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் ஊனமுற்றோருக்கும் சட்ட உதவி இலவசம். திருவில்லிபுத்தூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுக.

இளைஞர்களே! இச்சங்கம் உங்களுக்கு எழுத்தறிவு தந்தது பட்டம் பெறுவதற்கு மட்டுமன்று. உங்கள் தெருவில் அத்தகைய பெட்டி ஒன்றிருந்தால், இந்த ஞாயிறன்றே திறந்து படியுங்கள். மனுவை நீங்களே எழுதிக் கொடுங்கள். மருத்துவமும் பார்க்கச் செய்யுங்கள். நாட்டைக் காத்தவரின் மனத்தைக் காப்பது நம் கடன் என்று கூறி, என் உரையை முடிக்கிறேன்.