மூணாவது பயாப்ஸி

இன்னைக்கு டெக் பேச்சு கிடையாது. மதுராந்தகத்துல எங்க சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்லப் போறேன்.

இடுப்புலயும் தொடையிலயும் வெளுத்த திட்டுகள். தேமல்னு சொல்லி மெடிக்கல் ஷாப்ல ஒரு க்ரீம் கொடுத்தாங்க. தடவினா மங்கும், நிறுத்தினா திரும்ப வரும். இப்படியே நாலு வருஷம்.

வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒண்ணு இருந்தது: தொழுநோய். செங்கல்பட்டு திருமணியில, 1955-ல் மத்திய அரசு தொடங்கின தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எங்க பக்கம் வெளுத்த திட்டுன்னாலே அந்த இடம்தான் ஞாபகத்துக்கு வரும்.

கடைசியா தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரும் முதல்ல அதைத்தான் சோதிச்சார். திட்டு மேல பஞ்சால தொட்டார். உணர்ச்சி நல்லா இருந்தது. தொழுநோய்த் திட்டுல பெரும்பாலும் உணர்ச்சி குறைஞ்சிருக்கும். அடுத்து பயாப்ஸி. ரெண்டு தடவை எடுத்தும் தெளிவா எதுவும் வரல.

"ஒண்ணுமில்லன்னு வந்துடுச்சுல்ல, விடுடா"ன்னாரு சித்தப்பா. டாக்டர் விடல. க்ரீமை வாங்கிப் பார்த்தார், அதுல ஸ்டீராய்டு. "நாலு வாரம் இதை நிறுத்திட்டு வாங்க"ன்னார். அப்பதான் எனக்குப் புரிஞ்சது: நாங்க லாக்கை அழிச்சுட்டு பக் தேடிக்கிட்டிருந்தோம்.

மூணாவது பயாப்ஸியில பேர் கிடைச்சது: மைகோசிஸ் ஃபங்காய்டஸ். 1806-ல் பிரெஞ்சு மருத்துவர் அலிபெர் விவரிச்ச நோய். கட்டிகள் காளான் மாதிரி இருந்ததால அந்தப் பேர். மத்தபடி பூஞ்சைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ரத்த வெள்ளையணுக்கள்ல ஒரு வகையான டி செல், தோல்ல தங்கி புற்றாகுது. அபூர்வமான லிம்போமா. வெளுத்த திட்டா வர்ற வகை, நம்மள மாதிரி கருத்த தோல்லதான் அதிகம்.

ஆரம்பத்துல இது எக்ஸிமா மாதிரியே இருக்கும், மைக்ராஸ்கோப்லயும்கூட. அதனால செல்களுக்கு நிறமேத்திப் பார்க்கறாங்க. தேவைப்பட்டா, எல்லாம் ஒரே செல்லோட காப்பியான்னு மரபணு டெஸ்ட்டும் செய்யறாங்க. அப்பவும் சில பேருக்கு வருஷக்கணக்குல ஆகும்.

"கேன்சரா?"ன்னு சித்தி உட்கார்ந்துட்டாங்க. ஆனா ஆரம்ப நிலையில பிடிச்சா நிறைய பேர் மத்தவங்க மாதிரியே முழு ஆயுசும் வாழறாங்க. சித்தப்பாவுக்கு இப்ப கீமோ இல்ல. வாரத்துல சில நாள் புற ஊதா ஒளி சிகிச்சைதான்.

எல்லாத் தேமலும் கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. ஆனா மாசக்கணக்குல போகாத திட்டுக்கு, கடையில கேட்டு க்ரீம் வாங்காதீங்க. தோல் டாக்டரைப் பாருங்க. இதுவரை என்ன தடவினீங்கன்னு மறைக்காம சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.