கம்போடியா 1979: ஒரு படையெடுப்பு, இரண்டு கணக்குகள்

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை புனோம் பென் நகரைப் பிடித்தபோது, கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மடிந்திருந்தனர். நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். பிண நாற்றத்தைத் தொடர்ந்து போனவர்கள் துவோல் ஸ்லெங்கைக் கண்டனர். பள்ளிக்கூடமாக இருந்து சிறையான கட்டடம் அது. வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்கள். கொன்று போடப்பட்டுச் சில நாட்களே ஆன 14 உடல்கள்.

வியட்நாம் மனிதாபிமானத்தைக் காரணம் காட்டிப் போகவில்லை. 1978 ஏப்ரலில் வியட்நாமின் பா சுக் கிராமத்தில் 3,157 பேரைக் கெமர் ரூஜ் கொன்றதும், தொடர்ந்த எல்லைச் சண்டைகளும் இந்த அவை அறிந்தவை. நோக்கம் தூயதா என்ற விவாதம் இனி விரியத் தேவையில்லை. கொலை நின்றது; அதற்கு வேறு எந்த நாடும் படை அனுப்பவில்லை.

ஆனால் படையெடுப்புக்குப் பின் வந்த கே-5 திட்டம் மதிப்புக்குரிய பல நூல்களில் அடிக்குறிப்பைத் தாண்டியதில்லை. 1980களின் நடுவில், கெமர் ரூஜ் படை திரும்பி வராதிருக்கத் தாய்லாந்து எல்லை நெடுகக் காட்டை வெட்டி, அகழி தோண்டி, மூங்கில் முள் நட்டு, கண்ணிவெடி புதைத்துத் தடுப்பு எழுப்பக் கம்போடிய விவசாயிகள் கட்டாயமாக அனுப்பப்பட்டனர். மலேரியா பலரைக் கொன்றது. கால் இழந்து ஊர் திரும்பியவர்கள் பலர். மாண்டவர்களுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எண்ணிக்கை இல்லை.

இந்தச் சாவுகளையும் படையெடுப்பின் விலையோடு சேர்த்துக் கூட்டி, 'பலனுக்கு மிஞ்சிய விலை' என முடிப்பது ஒரு வாதம். அதை முன்வைத்தவர்களின் உழைப்பில் குறையில்லை, கூட்டல்தான் தவறு. கெமர் ரூஜைக் கவிழ்க்க இரண்டு வாரம் போதுமாயிருந்தது. அடுத்த பத்தாண்டுப் போருக்குக் காரணம், தோற்ற படைக்குத் தாய்லாந்து எல்லையில் கிடைத்த புகலிடமும் சீன ஆயுதமும். 1979 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபை 71க்கு 35 என்ற வாக்கில் கம்போடிய இருக்கையைக் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட் தரப்பிடமே விட்டது. புனோம் பென்னின் புதிய அரசை 1980இல் அங்கீகரித்த இந்தியா போன்ற நாடுகள் சிலவே. அந்த வாக்குக்கும் ஆயுதத்துக்கும் உரிய பங்கை விலைப்பட்டியலில் எழுதாமல், முழுத் தொகையையும் 1979 ஜனவரியின் தலையில் கட்டுவது நேர்மையான கணக்கு ஆகாது.

வியட்நாமின் பொறுப்பு இதனால் கரைந்துவிடாது. விவசாயியைக் காட்டுக்கு அனுப்பியது ஹனோயும் புனோம் பென்னும் சேர்ந்து எடுத்த முடிவு. வேறு வழி இல்லாமல் போகவில்லை. ஆகவே கணக்குகள் இரண்டு. படையெடுப்பு அதன் உயிர் விலைக்குத் தகுந்தது. 1989 செப்டம்பர் வரை நீண்ட வியட்நாம் படையின் இருப்புக்கு அந்த நியாயம் பொருந்தாது. கே-5 அந்த இரண்டாம் கணக்கில் வருவது. கே-5 வரிசையில் புதைத்த வெடிகள் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வடமேற்கு வயல்களில் உழவர்களின் கால்களைப் பறித்தன. அவற்றைப் புதைத்தவர்களில் சிலர் இன்னும் அப்பகுதிக் கிராமங்களில் வாழ்கின்றனர். அவர்களின் வாய்மொழிச் சான்று பதிவாவதே இக்கருத்தரங்கின் முதல் அமர்வுக்குரிய வேலை.