இரண்டரை விநாடியில் ஒரு தாளம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எஞ்சினியருக்கும் தாளத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது சார். பகலில் கம்பெனி, இரவில் சாம்ப்ளர். பத்து வருடமாக என் வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

சாம்ப்ளர் என்பது ஒரு பெட்டி. எந்த ஓசையையும் சிறு துண்டாகப் பதிந்து, ரப்பர் பொத்தான்களில் வைத்து, விரலால் தட்டி வாசிக்கலாம். அமெரிக்காவில் ஹிப்-ஹாப் இசையை வளர்த்ததில் இரண்டு பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று, 1987-இல் வந்த ஈ-மு எஸ்.பி.1200. மற்றொன்று, ரோஜர் லின் வடிவமைத்து அகாய் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட எம்.பி.சி.60. அவற்றிலிருந்து நான் கற்ற சில உத்திகளை மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, இடத்தைச் சேமிப்பது. எஸ்.பி.1200-இல் மொத்தம் பத்து விநாடிதான் பதிய முடியும். ஒரு துண்டுக்கு இரண்டரை விநாடிதான். நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் நாலு பீட் கொண்ட ஒரு சுற்றுக்கே 2.67 விநாடி ஆகும். பத்தவில்லையே! அந்தக் காலத்துப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 33⅓ வேகத்தில் சுற்ற வேண்டிய இசைத்தட்டை 45-இல் சுற்றவிட்டுப் பதிந்தார்கள். வேகம் 1.35 மடங்கு. சுற்று இரண்டு விநாடிக்குள் அடங்கிவிட்டது. பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 12 பிட் பெட்டியில் அப்படி இறக்கும்போது ஓசை கொஞ்சம் கரகரப்பாகும். அந்தக் கரகரப்புத்தான் ஜனங்களுக்குப் பிடித்துப் போயிற்று! இன்றைய பெட்டிகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் சுருதியை ஏற்றிப் பதிந்து, இறக்கி வாசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வெட்டுவது. துண்டின் ஆரம்பத்தில் 20 மில்லி விநாடி மௌனம் இருந்தாலும் போதும், நீங்கள் எவ்வளவு சரியாகத் தட்டினாலும் ஓசை தாமதமாகத்தான் வரும். கை மேல் குற்றமில்லை, வெட்டின் மேல்தான் குற்றம். ஒலி அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். இல்லையென்றால் 'டிக்' என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, ஹை-ஹாட். நிஜ டிரம்மில் அது இரண்டு தட்டுகள். மூடினால் திறந்த ஓசை உடனே நின்றுவிடும். ஆகவே மூடிய ஓசை வந்ததும் திறந்த ஓசை அறுபடும்படி இரண்டையும் ஒரே குழுவில் வையுங்கள். பாதிச் செயற்கைத்தனம் அதிலேயே போய்விடும்.

நான்காவதுதான் முக்கியம். குவாண்டைஸ் என்று ஒரு வசதி உண்டு. நாம் முன்னே பின்னே தட்டினாலும் பெட்டி அதை இழுத்துச் சரியான கட்டத்தில் நிறுத்திவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எஞ்சினியர் புத்தி, எல்லாவற்றையும் திருத்தி வைத்தேன். என் அறைத் தோழனுக்குப் போட்டுக் காட்டினேன். "டேய், கடிகாரம் ஓடுற மாதிரி இருக்குடா" என்றான்.

அவன் சொன்னதன் அர்த்தம் மெல்லத்தான் புரிந்தது. எம்.பி.சி.60 ஒரு பீட்டை 96 பாகமாகப் பிரிக்கிறது. கால் பீட்டுக்கு 24 பாகம். ஸ்விங் 50 சதவீதம் என்றால் எல்லாம் சமம். 54 என்று வைத்தால் ஒன்றுவிட்டு ஒரு தட்டு சுமார் 2 பாகம் தள்ளி விழும். 90 பீட் வேகத்தில் அது 14 மில்லி விநாடிதான். காது கணக்குப் போடாது, ஆனால் கால் தானாக ஆடும். டெட்ராய்ட்டின் ஜே டில்லா பல சமயம் குவாண்டைஸையே விட்டுவிட்டுக் கையால் வாசித்தவர். 2006-இல் காலமானார். அவருடைய எம்.பி.சி.3000 வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. நீங்களும் ஹை-ஹாட்டை ஸ்விங்கில் விட்டு, கிக்கைக் கையாலேயே வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு காலத்தில் என் பெட்டி நிறைய ஊரார் ஓசைகள். ஒரு வருடத்தில் ஒரு உருப்படி கூட முடிக்கவில்லை. அப்புறம் ஒரு விதி வைத்தேன். எட்டே ஓசை, ஒரே மாலை, முடித்துவிட்டுத்தான் சாப்பாடு. அதன் பிறகுதான் உருப்பட்டேன். அடுத்தவர் பாட்டிலிருந்து எடுத்து வெளியிடுவதானால் அனுமதி வேண்டும். 1991-இல் பிஸ் மார்க்கி வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொன்னது. ஆகவே சொந்தமாகப் பதியுங்கள். மெஸ் தட்டு, லேப் ஸ்டூல், வராண்டா கேட், எல்லாமே வாத்தியம்தான்.

கடிகாரம் என்று சொன்னானே, அவன்தான் எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்ச் தாள வித்வான். அதற்காகவே எத்தனை முறை வெளியே நின்றான் என்பது இங்கிருக்கும் பேராசிரியர்களுக்குத் தெரியும். போன வருடம் அவன் நம்மை விட்டுப் போய்விட்டான். எதை எதையோ பதிந்தேன், அவன் கையைப் பதியவில்லை. பக்கத்திலேயே இருக்கிறான், எப்போது வேண்டுமானாலும் பதியலாம் என்று இருந்துவிட்டேன்.

இன்று மைக்கும் பெட்டியும் கொண்டு வந்திருக்கிறேன். முதல்வர் அவர்கள் அனுமதித்தால், கூட்டம் முடிந்ததும் அந்தக் கடைசி பெஞ்சில் பத்து விநாடி தட்டிப் பதிந்துகொள்கிறேன். இந்த முறை வெளியே அனுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.