நெஞ்சை அமுக்குவதா, மூச்சை ஊதுவதா?

(உத்திரமேரூர் வட்டாரக் குடும்ப நலக் கூட்டத்தில் பேசியது)



கழனியில் நின்றவர் திடீரென்று சாய்ந்துவிடுகிறார். தட்டிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. மூச்சில்லை, அல்லது எப்போதாவது விக்கல் மாதிரி இழுக்கிறது. அந்த இழுப்பை மூச்சென்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கரண்ட் அடித்திருந்தால் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள். ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும். 2008 முதல் நம் மாநிலத்தில் அந்த வண்டி ஓடுகிறது. ஆனாலும் ஊருக்குள் வந்துசேர நேரமாகும். மூளையோ ரத்தமில்லாமல் நாலைந்து நிமிஷம்கூடத் தாங்காது.

வாயில் சோடா ஊற்றாதீர்கள். கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கயிற்றுக் கட்டிலில் அமுக்கினால் கட்டில்தான் அமுங்கும். நடு நெஞ்செலும்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மேலே மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் 2 அங்குலம் அமுங்கும்படி அழுத்துங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே எழும்ப விடவேணும். விலா எலும்பு முறியுமோ என்று பயப்படாதீர்கள், முறிந்தாலும் கூடிவிடும். 2 நிமிஷத்தில் கை ஓய்ந்துபோகும். அப்போது புருஷனும் பெண்டாட்டியும் மாற்றிக்கொள்ளுங்கள். மாமனார் நெஞ்சில் மருமகள் கைவைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கத்தான் வேணும்.

ஏரியில் மூழ்கியவர் கதை வேறே. அவருக்கு இருதயம் கெடவில்லை, மூச்சு முட்டித்தான் நின்றது. ஆகவே மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 2 தடவை ஊதி, பிறகு 30 அமுக்கு, 2 ஊது என்று தொடரவேணும். தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தைத்தான் தின்னும்.

பச்சைப் பிள்ளைக்கும் அதே நியாயம்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பிரசவமாகி, பிள்ளை அழவில்லை என்றால், உலர்ந்த துணியால் நன்றாகத் துடையுங்கள். முதுகைத் தேய்த்துவிடுங்கள், கதகதப்பாகப் போர்த்துங்கள். தலைகீழாகப் பிடித்து அடிக்கிற பழைய வழக்கம் வேண்டாம். அப்பவும் மூச்சு வரவில்லையா? தலையை நேராக வைத்து, வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்துக் காற்றை மட்டும் மெல்ல ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே நிமிஷத்துக்கு ஒரு 40 தடவை. பெரும்பாலான பிள்ளைகள் இதிலேயே திரும்பிவிடும். அரை நிமிஷம் சரியாக ஊதியும் இருதயத் துடிப்பு 60-க்குக் கீழேயே இருந்தால்தான் நாங்கள் இரண்டு கட்டைவிரலால் நெஞ்சை அமுக்குவோம். 3 அமுக்கு, 1 மூச்சு. அது அபூர்வம். நீங்கள் போனை வைத்துவிடாமல், 108-ல் சொல்கிறபடி செய்துகொண்டிருங்கள்.

தலையணை கொண்டுவந்திருக்கிறோம். ஜோடி ஜோடியாக வந்து அமுக்கிப் பாருங்கள்.