முருகைக்கல்லின் முள்முடி



முருகைக்கற்களிடையே நீராடச் சென்று, காலிலே கரிய முள் தைத்துக் கரையேறியவர்கள் உங்களிற் சிலர் இருக்கக்கூடும். மாணவரோடு சுற்றுலாச் சென்றவிடத்து யானும் அவ்வாறு மிதித்தவனே. முள் எளிதில் முறியும். முறிந்த நுனி தசையிலே தங்கிவிடும். கடல் முள்ளெலி என்னும் அப்பிராணியைச் சபிக்காதார் இலர். அதன் கரிபியன் கடல் உறவினத்தின் வரலாற்றை அறிந்தபின் எனது கோபம் தணிந்தது.

'தயடேமா அன்டில்லாரம்' என்று 1845இல் பிலிப்பி என்பார் அதற்குப் பெயரிட்டார். தயடேமா என்பது முடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கண் என்று தனியோர் உறுப்பு அதற்கில்லை. எனினும் உடலின் மேற்பரப்பே ஒளியை உணரும். நிழலொன்று மேலே விழுந்தால், முட்களெல்லாம் அத்திசை நோக்கித் திரும்பும். பகலிற் பொந்திலே ஒடுங்கியிருந்து, இரவில் வெளிவந்து பாசியைச் சுரண்டித் தின்னும். வாயில் ஐந்து பற்கள். அவற்றைத் தாங்கும் எலும்பனைய அமைப்பை 'அரிஸ்டாட்டிலின் விளக்கு' என்பர். கலை படித்த எனக்கு, அத்தத்துவஞானி கடற்கரையிலும் குனிந்து பார்த்தவர் என்பதிலே தனி மகிழ்ச்சி.

பாசி மேய்வதுதான் இதன் பெருந்தொண்டு. பாசி மூடிய பாறையில் முருகைக் குஞ்சுகள் ஒட்டி வளரமாட்டா.

1983 சனவரியில் பனாமாக் கரையிலே இவை திடீரென மடியத் தொடங்கின. முட்கள் உதிர்ந்தன, ஓடுகள் வெறுமையாயின. ஓராண்டு சிறிது கழிவதற்குள் கரிபியன் கடலெங்கும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அழிந்தன. அருகே வாழ்ந்த பிற முள்ளெலியினங்களுக்கோ ஊறில்லை. யமேக்காத் தீவிலே பாசி மேயும் மீன்களை மனிதர் முன்னரே அளவின்றிப் பிடித்துவிட்டனர். எஞ்சியிருந்த காவலாளி இஃதொன்றே. 1980இல் வீசிய அலன் சூறாவளியும் அங்கே பாறைகளை உடைத்திருந்தது. காவலாளியும் போகவே, எழுபதுகளின் பிற்பகுதியிற் பாறைப்பரப்பிற் பாதியளவை மூடியிருந்த உயிர்முருகை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்குங் குறைந்தது. முள்ளெலியைக் குற்றஞ் சொல்ல இயலாது. மீனைத் தீர்த்தது நாமே.

மீட்சியும் எளிதன்று. ஆணும் பெண்ணும் தத்தம் கருவணுக்களை நீரிலே விடுகின்றன. நெருங்கி வாழ்ந்தாலன்றி அவை கூடுவதரிது. மெல்லப் பெருகி வருகையில், 2022இல் மீண்டும் கொள்ளைநோய் வந்தது. இம்முறை காரணம் அகப்பட்டது: கண்ணுக்குப் புலப்படாத, மயிரிழைகளால் நீந்தும் ஒருகல உயிரே அது என 2023இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

இப்பொழுது குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்துப் பாறைகளில் விடுகின்றனர். ஒரு மாதத்துக்கு மேலாக நீரில் மிதந்து திரிந்த பின்னரே குஞ்சு அடித்தளத்தில் அமரும். அதுவரை அதனைக் காப்பது மிகக் கடினமான வேலை.