மீன் சொல்லுது, நாம கேட்கணும்

(வண்ண மீன் வளர்ப்புப் பயிற்சியில் பேசியது)



குழுக் கடன் வாங்கித் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் கோல்டு ஃபிஷும் வளர்க்கிறோம். ஒரு தொட்டி மீன் செத்தாலும் அந்த மாசத் தவணைக்குத் திண்டாட்டம்தான். வாயில்லா ஜீவனுக்கு நடமாட்டமே பேச்சு. அதனால தினமும் விடிஞ்சதும், தீனி போடும் முன்னே, ரெண்டு நிமிஷம் தொட்டியைப் பார்ப்போம்.

எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடுதா? தண்ணியில் ஆக்சிஜன் குறைஞ்சிருக்கும். இல்லேன்னா மிச்சத் தீனி அழுகி அம்மோனியா சேர்ந்திருக்கும். தீனியை நிறுத்தி, கால் பங்கு தண்ணியை மாத்துவோம். குளோரின் போட்ட குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தக் கூடாது. அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து ஊத்தணும்.

சுவரில் உடம்பைத் தேய்க்குதா? ரவை தூவினாப்போல வெள்ளைப் புள்ளி இருக்கா? அது ஒட்டுண்ணி. புள்ளி உதிர்ந்ததும் நோய் போச்சுன்னு இருந்துடக் கூடாது. உதிர்ந்தது அடியில் பெருகி மறுபடி வந்து ஒட்டும். அந்தத் தொட்டி வலையை வேறு தொட்டியில் போடவே கூடாது.

துடுப்பை மடக்கி ஒரு மீன் மட்டும் ஒதுங்கினா, தனியே எடுத்து வைப்போம். ஆனா வயிறு பெருத்த கப்பி மறைவு தேடினா பயப்பட வேண்டாம். அது பிரசவ நேரம்!

புதுசா வாங்கிய மீனை 2 வாரம் தனியே வச்சுப் பார்த்த பிறகே மத்த மீனோடு சேர்க்கணும்.

மருந்துக்கு ஓடும் முன் தண்ணியைப் பார்ப்போம். அப்புறமும் சரியாகலேன்னா மீன்வளத் துறை அலுவலரிடம் கேட்டு மருந்து போடுவோம்.